மட்டில்டாவின் கண்ணில் இருந்த சக்தி எங்கே போனது?

ரோல்ட் டால் எழுதிய 'மட்டில்டா' நாவலைச் சின்ன வயதில் படித்தவர்களிடம் கதையைக் கேட்டால், முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணால் பார்த்தே பொருள்களை நகர்த்தும் சிறுமி. கொடுமைக்காரத் தலைமை ஆசிரியையை அவள் ஊரைவிட்டே ஓட வைத்ததும் நினைவில் இருக்கும். கடைசிப் பக்கங்களில் அந்தச் சக்தி அவளை விட்டுப் போய்விடுகிறது என்பது மட்டும் பலருக்கு மறந்திருக்கும். 1996-ல் வந்த ஹாலிவுட் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. என்னைக் கேட்டால் இந்த நாவலின் உயிர் அந்த இழப்பில்தான் இருக்கிறது. அபாரமான அறிவுள்ள ஒரு குழந்தைக்கு உண்மையில் என்ன தேவை என்று டால் யோசித்தது முழுவதும் அங்கேதான் வெளிப்படுகிறது.

நாவல் 1988-ல் லண்டனில் வெளியானது. டாலுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டே ஆண்டில், 1990 நவம்பரில் இறந்துபோனார். படங்கள் வரைந்தவர் குவென்டின் பிளேக்.

மட்டில்டா வோர்ம்வுட் ஒன்றரை வயதில் பெரியவர்கள் மாதிரி பேசுகிறாள். மூன்று வயதில், வீட்டில் கிடக்கும் செய்தித்தாள்களையும் பத்திரிகைகளையும் வைத்துக்கொண்டு தானாகவே வாசிக்கக் கற்றுக்கொள்கிறாள். அப்பா பழைய கார் வியாபாரி. தேய்ந்துபோன கியர்பாக்ஸில் மரத்தூளைக் கலந்து சத்தத்தை அடக்குவார். டிரில் மெஷினைப் பின்பக்கமாகச் சுழற்றி மீட்டரில் ஓடிய மைல்களைக் குறைப்பார். அம்மா மதியம் ஆனால் பிங்கோ என்ற எண் ஆட்டம் ஆடுவதற்கு எட்டு மைல் தள்ளி இருக்கும் ஏல்ஸ்பரிக்குக் கிளம்பிவிடுவார். ஏல்ஸ்பரி கற்பனை ஊர் இல்லை. டால் பல ஆண்டுகள் வாழ்ந்த கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமம் இருக்கும் அதே பக்கிங்ஹாம்ஷயரில்தான் இருக்கிறது.

அம்மா பிங்கோவுக்குப் போன நேரத்தில் நான்கு வயது மட்டில்டா தனியாக நடந்து ஊர் நூலகத்துக்குப் போகிறாள். குழந்தைகள் பகுதியில் இருந்த எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, பெரியவர்கள் படிக்கும் நல்ல புத்தகம் ஒன்று வேண்டும் என்று நூலகர் மிசஸ் ஃபெல்ப்ஸிடம் கேட்கிறாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு சார்லஸ் டிக்கன்ஸை எடுத்துக் கொடுக்கிறார். ஆறு மாதத்துக்குள் ஜேன் ஆஸ்டின், தாமஸ் ஹார்டி, ஹெமிங்வே, ஃபாக்னர், ஸ்டெய்ன்பெக், ஆர்வெல் என்று பட்டியல் நீள்கிறது.

இந்த நூலகப் பகுதியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். மிசஸ் ஃபெல்ப்ஸ் செய்வதைவிடச் செய்யாமல் விடுவது முக்கியம். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாக அனுப்புகிறார்களே என்று அவருக்கு உள்ளுக்குள் இருக்கிறது; ஆனாலும் அவர் பெற்றோரைத் தேடிப் போகவில்லை. அதிசயக் குழந்தை என்று யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. கேள்வி கேட்டுச் சோதிக்கவும் இல்லை. அடுத்த புத்தகத்தைக் கொடுக்கிறார், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம் என்ற விவரத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான். அப்படி ஒரு நூலகர் அந்தக் கிராமத்தில் இருந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். பொது நூலகங்களை நடத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கட்டாயக் கடமை என்று 1964-ல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. வீட்டில் புத்தகம் வாங்கித் தராத ஒரு குழந்தை, காசு இல்லாமல், பெரியவர் துணை இல்லாமல் டிக்கன்ஸை அடைய முடிந்தது அதனால்தான். மட்டில்டா அப்பாவிடம் புத்தகம் கேட்டபோது அவர் சொன்ன பதில், வீட்டில்தான் டிவி இருக்கிறதே என்பது.

அந்த அப்பாவை அவள் சும்மா விடவில்லை. தொப்பியின் உள்ளே சூப்பர் க்ளூ தடவுகிறாள். புகைபோக்கிக்குள் கிளியை ஒளித்துவைத்துப் பேய் என்று நம்ப வைக்கிறாள். தலைமுடித் தைலத்தில் அம்மாவின் சாயத்தைக் கலக்கிறாள். ஒருமுறை அவள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டெய்ன்பெக் புத்தகத்தை அப்பா பக்கம் பக்கமாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடுகிறார். படிப்பவருக்கு வயிறு கலங்கும் இடம் அது. இந்தக் குறும்புகளை வெறும் சிரிப்புக்காக எழுதியதாகக் கடந்துவிடக் கூடாது. வேலை இல்லாத ஒரு பெரிய மூளை, அவமானத்தைத் தாங்குவதற்காகத் தனக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. பின்னால் வரப்போகும் சக்திக்கு இது முன்னோட்டம்.

அப்புறம் பள்ளிக்கூடம். அவளைச் சேர்க்க வேண்டும் என்பதையே பெற்றோர் மறந்துவிட்டதால் ஐந்தரை வயதில்தான் கிரஞ்செம் ஹால் பள்ளிக்கு வருகிறாள். தலைமை ஆசிரியை மிஸ் டிரஞ்ச்புல், ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் சம்மட்டி எறிந்தவர். இப்போது சடை போட்ட சிறுமியைச் சடையைப் பிடித்துச் சுழற்றி வேலிக்கு அப்பால் வீசுகிறார். கேக் திருடிய பையனைப் பள்ளி முழுவதும் பார்க்க ஒரு ராட்சத கேக் முழுவதையும் தின்ன வைக்கிறார். 'சோக்கி' என்று ஓர் அலமாரி வைத்திருக்கிறார். உட்காரவோ சாயவோ முடியாத குறுகல். சுவரில் கண்ணாடிச் சில்லு, கதவில் ஆணி.

இதெல்லாம் மிகைக் கற்பனை என்று தோன்றும். ஆனால் நாவல் வெளியான ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இரண்டு தாய்மார்கள் தொடர்ந்த வழக்கில் 1982-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பள்ளியில் பிரம்படியை விட்டுவிட வேண்டிய நெருக்கடி பிரிட்டனுக்கு வந்தது. 1986 ஜூலையில் நாடாளுமன்றத்தின் கீழவையில் வாக்கெடுப்பு நடந்தபோது தடைக்கு ஆதரவாக 231, எதிராக 230. ஒரே ஒரு வாக்கு. அரசுப் பள்ளிகளில் தடை 1987 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளுக்கு அது வந்து சேர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. ஆக, 'மட்டில்டா' கடைக்கு வந்தபோது அதைக் கையில் எடுத்த பல குழந்தைகளுக்கு ஆசிரியரின் பிரம்பு போன வருஷத்துச் சங்கதி.

டாலுக்கு அது வாழ்நாள் முழுவதும் ஆறாத காயம். 1984-ல் எழுதிய 'பாய்' என்ற பால்ய நினைவு நூலில், வேல்ஸ் நாட்டின் லாண்டாஃப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறார். மிட்டாய்க் கடை ஜாடிக்குள் செத்த எலியைப் போட்டதற்காக அவரும் நண்பர்களும் தலைமை ஆசிரியரிடம் பிரம்படி வாங்குகிறார்கள். கடைக்காரப் பெண்மணி அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்து ரசிக்கிறார். நார்வேக்காரரான அவருடைய அம்மா தழும்பைப் பார்த்துவிட்டு நேராகப் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுகிறார். நீங்கள் வெளிநாட்டவர், பிரிட்டிஷ் பள்ளிகள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

புகார் சொன்னாலும் நடக்காது என்ற அந்த அனுபவம் நாவலில் மட்டில்டாவின் வாயிலிருந்து வேறு வடிவத்தில் வருகிறது. சடையைப் பிடித்து வீசப்பட்ட சிறுமியின் பெற்றோர் ஏன் வந்து கேட்க மாட்டார்கள் என்று தோழி லாவெண்டருக்கு அவள் விளக்குகிறாள். கொடுமை செய்தால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. யாருமே நம்ப முடியாத அளவுக்குச் செய்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் டிரஞ்ச்புல்லின் சூத்திரம். வீட்டில் போய்ச் சொல்லும் குழந்தையைப் பொய் சொல்கிறாய் என்பார்கள். குழந்தைகள் மேல் நடக்கும் வன்முறை எப்படி மறைந்திருக்கிறது என்பதைச் சிறுவர் இலக்கியத்தில் இவ்வளவு தெளிவாக, அதுவும் ஐந்து வயதுப் பாத்திரத்தின் வாயால் சொன்ன இடம் வேறு எனக்குத் தெரியாது. மட்டில்டாவின் அறிவு பெருக்கல் கணக்கில் தெரிவதைவிட இங்கே அதிகமாகத் தெரிகிறது.

பெருக்கல் கணக்கையும் விடக் கூடாது. முதல் நாள் வகுப்பில் இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கியவள் நிறுத்துவதாக இல்லை. ஆசிரியை மிஸ் ஹனி, 487-ஐ இரண்டால் பெருக்கினால் என்ன என்று கேட்க, 974 என்று உடனே பதில் வருகிறது. அன்றே மிஸ் ஹனி தலைமை ஆசிரியையிடம் போய், இவளை மேல் வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். எந்தக் குழந்தையும் தன் வயதுக்கான வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்று டிரஞ்ச்புல் மறுத்துவிடுகிறார். சரி என்று மிஸ் ஹனி தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: பெரிய வகுப்பு ஆசிரியர்களிடம் அல்ஜீப்ரா, வடிவியல், பிரெஞ்சுப் பாடநூல்களை இரவல் வாங்கி, மற்றவர்களுக்குப் பாடம் நடக்கும்போது அவளைத் தனியாகப் படிக்க வைக்கிறார். மாலையில் அவள் வீட்டுக்கும் போகிறார். பெற்றோர் டிவியிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லாமல் பேசுகிறார்கள். பெண்ணுக்குப் படிப்பைவிட அழகு முக்கியம் என்கிறார் அம்மா.

வயதுக்கு ஏற்ற வகுப்பு என்ற விதி கதைக்காகச் செய்தது இல்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த், மிக உயர்ந்த நுண்ணறிவுள்ள குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர். சாதாரண ஆரம்பப் பள்ளியில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 140 உள்ள குழந்தை தன் நேரத்தில் பாதியை வீணாக்குகிறது, 170-க்கு மேல் உள்ள குழந்தை ஏறக்குறைய முழு நேரத்தையும் வீணாக்குகிறது என்று அவர் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1942-ல்தான் அவருடைய முக்கியமான நூல் வெளியானது. தெரிந்ததையே நாள் முழுவதும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை சோம்பலுக்கோ சேட்டைக்கோ பழகுவது இயல்பு என்பது அவருடைய கவலை.

இப்படிப்பட்ட குழந்தைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னொரு சிக்கல். கலிஃபோர்னியாவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, தேர்வு வைத்து சுமார் 1,500 குழந்தைகளைப் பொறுக்கியெடுத்தது. அந்தத் தேர்வில் தேறாமல் விடுபட்ட இரண்டு சிறுவர்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். மட்டில்டாவுக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை. ஒரு நூலகரும் ஓர் ஆசிரியையும் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். டாலுக்கு அந்தப் பார்வை போதுமானதாக இருக்கிறது.

இனி சக்தி. டிரஞ்ச்புல்லின் தண்ணீர்க் குவளைக்குள் லாவெண்டர் ஒரு நீர்ப்பல்லியைப் போட்டுவைக்கிறாள். பழி மட்டில்டா மேல் விழுகிறது. செய்யாத குற்றத்துக்காக வசை வாங்கும் அந்த நிமிடத்தில் அவளுக்குக் கோபம் பொங்குகிறது, கண்கள் சூடாகின்றன, தொடாமலே கண்ணாடி டம்ளர் சாய்கிறது. வீட்டுக்குப் போய் அப்பாவின் சுருட்டை வைத்துப் பழகிப் பழகி அந்தத் திறனைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறாள். மிஸ் ஹனியின் சொத்தைப் பறித்து அவரை வறுமையில் தள்ளிய சித்தி டிரஞ்ச்புல்தான் என்று தெரிந்ததும், வகுப்பில் சாக்பீஸைத் தானாக எழுத வைத்து, மிஸ் ஹனியின் இறந்துபோன அப்பா ஆவியாக வந்து எச்சரிப்பது போலச் செய்கிறாள். டிரஞ்ச்புல் மயங்கி விழுகிறார், அப்புறம் ஊரைவிட்டே காணாமல் போகிறார். மிஸ் ஹனிக்கு வீடு திரும்பக் கிடைக்கிறது.

மனத்தால் பொருளை அசைக்கும் குழந்தை என்ற எண்ணம் அந்தத் தலைமுறை பிரிட்டனுக்குப் புதிது இல்லை. 1973 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சியில், தனக்கு மனச் சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்ட யூரி கெல்லர் கரண்டியை வளைத்துக் காட்டியதும், நாங்களும் வளைப்போம் என்று நாடெங்கும் குழந்தைகள் கிளம்பினார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஜான் டெய்லர் அந்தக் குழந்தைகளை ஆராய்ந்து நம்பிக்கையோடு ஒரு நூலே எழுதினார். பிறகு தன் முடிவை மாற்றிக்கொண்டார். அந்தப் பரபரப்பில் சக்தி என்பது காட்சிப் பொருள். டால் அதை எடுத்துக்கொண்ட விதம் முற்றிலும் வேறு.

டிரஞ்ச்புல் போன பிறகு மட்டில்டா மேல் வகுப்புக்கு மாற்றப்படுகிறாள். சில வாரங்களில் சக்தி போய்விடுகிறது. எவ்வளவு முயன்றும் ஒன்றும் அசையவில்லை. மிஸ் ஹனி தரும் விளக்கம் இது: முன்பு அவள் வகுப்பில் மூளைக்கு வேலையே இல்லை. உள்ளே தேங்கிய ஆற்றல் போக இடமில்லாமல் கண் வழியே வெளியே வந்தது. இப்போது தன் வயதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வயதான பிள்ளைகளோடு போட்டிபோட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆற்றல் முழுவதும் பாடத்திலேயே செலவாகிறது. மட்டில்டாவுக்கு இதில் வருத்தம் இல்லை. வாழ்நாள் முழுவதும் அற்புதம் செய்பவளாக இருக்க விருப்பமில்லை என்கிறாள்.

இந்த விளக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. டம்ளர் சாய்வதற்கு முன்பே மிஸ் ஹனி அவளுக்கு அல்ஜீப்ரா புத்தகம் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அப்படியானால் மூளைக்கு வேலை இருந்ததுதானே? எனக்குத் தோன்றுவது, தனியாக மூலையில் உட்கார்ந்து படிக்கும் புத்தகம் மட்டும் அவளுக்குப் போதவில்லை. தனக்கு ஈடுகொடுக்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. அதோடு, முதல் தடவை டம்ளரைச் சாய்த்தது வெறும் உபரி அறிவு இல்லை, அநியாயத்தைக் கண்ட கோபமும்தான். அந்த அநியாயமும் பள்ளியை விட்டுப் போய்விட்டது. அபாரத் திறமை என்று எல்லோரும் வியக்கும் ஒன்றை, அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் ஏதோ குறைகிறது என்பதற்கான அறிகுறியாக டால் பார்த்தார்.

இந்த இடத்துக்கு அவர் சுலபமாக வந்து சேரவில்லை. முதல் வரைவில் மட்டில்டா பிறவியிலேயே பொல்லாத பெண். அந்தக் கதையில் ஆசிரியை மிஸ் ஹேய்ஸ் சூதாட்டக் கடனில் சிக்கியிருப்பார். மட்டில்டா தன் சக்தியால் குதிரைப் பந்தயத்தின் முடிவை மாற்றி அவரைக் காப்பாற்றுவாள். அங்கே சக்தி என்பது காரியம் முடித்துத் தரும் கருவி மட்டுமே. அமெரிக்கப் பதிப்பாசிரியர் ஸ்டீஃபன் ராக்ஸ்பர்க் அதை ஏற்கவில்லை. அவருடைய யோசனைகளின் மேல் டால் கதையைப் புதிதாக எழுதினார். எழுதி முடித்தபின் அமெரிக்க உரிமையை வேறு பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பது தனிக் கதை. குதிரைப் பந்தயம் போனது, வாசிப்பு மையத்துக்கு வந்தது. அந்த மாற்றம் இல்லாவிட்டால் இது இன்னொரு மந்திரக் கதையாக இருந்திருக்கும்.

டேனி டிவீட்டோ இயக்கிய 1996 படம் கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. மட்டில்டாவாக மாரா வில்சன் அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் முடிவில் சக்தி அவளிடமே தங்கிவிடுகிறது. படுக்கையில் இருந்தபடியே ஒரு புத்தகத்தை மிதக்கவிட்டுத் தன்னிடம் வரவழைக்கிறாள். பார்க்க இனிமையான காட்சிதான். டால் யோசித்து வைத்த காரண காரியத்தை அது துண்டித்துவிடுகிறது.

நாவலில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. பிங்கோ ஆடுவது, டிவி முன்னால் சாப்பிடுவது எல்லாம் மோசமான மனிதர்களின் அடையாளம் என்பது போல எழுதப்பட்டிருக்கிறது. பண வசதி வந்தும் படிப்பு வராத வர்க்கத்தின் மேல் டாலுக்கு இருந்த ஏளனம் அப்பட்டமாகத் தெரிகிறது. டிரஞ்ச்புல்லின் கொடுமையைக் காட்ட அவருடைய ஆண்மை கலந்த உடலமைப்பைத் திரும்பத் திரும்பக் கேலி செய்வதும் உறுத்துகிறது. கொடுமை செய்பவர் பார்க்க அழகாகவும் இருக்கலாம் என்பது குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

2023 பிப்ரவரியில் பஃபின் பதிப்பகம் டாலின் நூல்களில் பல இடங்களைத் திருத்தியிருப்பது செய்தியானது. 'மட்டில்டா'வில் மாறிய ஓர் இடம் அவள் வாசிப்பைப் பற்றியது. மூலத்தில் அவள் ஜோசஃப் கான்ராடோடு பழைய காலத்துப் பாய்மரக் கப்பல்களில் போகிறாள், ஹெமிங்வேயோடு ஆப்பிரிக்காவுக்கும் ரட்யார்ட் கிப்ளிங்கோடு இந்தியாவுக்கும் போகிறாள். திருத்தத்தில் கான்ராடின் இடத்துக்கு ஜேன் ஆஸ்டின் வந்தார்; கிப்ளிங்கும் இந்தியாவும் போய் ஸ்டெய்ன்பெக்கும் கலிஃபோர்னியாவும் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய வடிவத்தையும் தனியாக விற்போம் என்று சில நாள்களிலேயே பதிப்பகம் அறிவித்தது. கிப்ளிங்கின் இந்தியா ஏகாதிபத்தியக் கண் பார்த்த இந்தியா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் பழைய வடிவத்தையே தேடி வாங்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஹெமிங்வே எழுதியதில் ஆண் பெண் விவகாரங்கள் பல தனக்குப் புரியவில்லை என்று மட்டில்டா ஒருநாள் நூலகரிடம் சொல்கிறாள். மிசஸ் ஃபெல்ப்ஸ் அந்தப் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிவிடவில்லை. புரியாத இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே, சொற்கள் இசை மாதிரி உன்னைச் சுற்றிப் பாயட்டும் என்றுதான் சொல்கிறார்.